நாளைக் காலையும் அதே லிப்டில்தான்: கொழும்பில் இங்கிதமாகப் பேசிப் பழகும் முறை

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருப்பவர், மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தமது சீலிங்குக்கு நீர் கசிவதைக் காணும் காலைப்பொழுதில் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று உண்டு. படியேறிப் போய்க் கதவைத் தட்டிச் சத்தமிடலாம். கட்டடத்தின் வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் மனத்துக்குள் புகைந்துகொண்டிருக்கலாம். நான் குடிவந்த முதல் வருடத்தில் இரண்டாவதைச் செய்தேன். கசிவு இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது, ஆனால் மேல்வீட்டு அம்மா என்னோடு மறுபடி பேச ஒன்றரை வருடம் எடுத்தது. தமது குழாய் கசிகிறது என்பது, நான் போட்ட படத்தை நாற்பது வீட்டார் பார்த்த அதே நேரத்தில்தான் அவருக்கும் தெரியவந்திருக்கிறது. அந்த ஒன்றரை வருடமும் காலை ஏழே காலுக்கு நாங்கள் இருவரும் ஒரே லிப்டில், மாடி இலக்கங்கள் மாறுவதை உன்னிப்பாகப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தோம்.

ஊரில் வளவுக்கு வளவு வேலி உண்டு. கோபித்துக்கொண்டவர்கள் வேறு ஒழுங்கையால் போய் வரலாம். கொழும்பில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு வாழும் நமக்கு அந்த வசதி கிடையாது. ஆகையால் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலைத்தான் நான் வைத்திருக்கிறேன்: சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு, நாளைக் காலை அதே லிப்டில் இருவரும் முகம் பார்த்து நிற்க முடிய வேண்டும். சொல்லாமல் விழுங்கிவிட்டவரும் இந்தச் சோதனையில் தேறமாட்டார், ஏனெனில் விழுங்கியது முகத்தில் தெரியும்.

இங்கிதம் என்ற சொல்லை இன்று இனிமையான பேச்சு என்ற பொருளில் வழங்குகிறோம் என்றாலும், அதன் பழைய பொருள் குறிப்பு என்பதாகும். உள்ளத்தில் இருப்பதை வெளிக்காட்டிவிடும் கண்ணசைவு, முகமாற்றம், சைகை ஆகியவற்றை அது குறித்தது. அதனால் இங்கிதம் தெரிந்தவர் என்றால் முதலில் எதிரே இருப்பவரின் குறிப்பை வாசிக்கத் தெரிந்தவர் என்றே கொள்ள வேண்டும். நயமான சொற்களைத் தேடுவது அதற்குப் பின்னர்தான். நம்மில் பலர் சொற்களை மட்டும் மெருகேற்றிவிட்டு, எதிரே நிற்பவர் காலணியை மாட்டிக்கொண்டு அவசரமாக எங்கோ புறப்படுகிறார் என்பதைக் கவனிக்காமல் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

கசிவை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்

அந்தக் குளியலறைக் கசிவையே மறுபடி எடுத்துக்கொள்வோம். முதலில் நேரம். பாடசாலை வான் வந்து நிற்கும் காலையும், அடுப்பில் கறி கொதிக்கும் பத்து மணியும், விளக்கேற்றும் வெள்ளிக்கிழமை மாலையும் முறைப்பாட்டுக்கு ஏற்ற வேளைகள் அல்ல. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர், ஏழரை மணியளவில், தொலைபேசியில் "ஐஞ்சு நிமிசம் வந்திட்டுப் போகலாமோ?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. அப்படிக் கேட்கும்போதே ஏதோ விடயம் இருக்கிறது என்பது அவருக்கு விளங்கிவிடும். அதற்குத் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்ள அரைமணி நேரம் கிடைக்கும். திடீரென்று தாக்கப்பட்டவர்தான் திருப்பித் தாக்குவார்.

அடுத்தது, யார் முன்னிலையில் என்பது. வாசலில் நின்று பேசினால் எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறக்கும். வேலைக்கு வரும் பெண்ணின் முன்னாலோ, விருந்துக்கு வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரின் முன்னாலோ சொல்லப்படும் எந்த உண்மையும், அது எவ்வளவு மென்மையாகச் சொல்லப்பட்டாலும், அவமானமாகவே போய்ச் சேரும். உள்ளே வரச் சொன்னால் போய் உட்காருங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அவசரமில்லை என்று காட்டுவதற்கு அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, வாக்கியத்தின் எழுவாய். "உங்கட குழாய் கசியுது" என்பதும் "எங்கட சீலிங்கில ஈரம் தெரியுது" என்பதும் ஒரே செய்தி. முன்னது தீர்ப்பு, பின்னது கண்ணால் கண்டது. கண்டதை மட்டும் சொல்லிவிட்டு, "உங்கட பக்கத்தில ஏதும் இருக்குதோ எண்டு ஒருக்காப் பாப்பமோ?" என்று முடித்தால், அந்தச் சிறிய வாக்கியத்துக்குள் எத்தனை தணிப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். "ஒருக்கா" என்பது வேலையைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. "பாப்பமோ" என்பது இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. அதன் இறுதியில் வரும் ஓகாரம், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அவருக்கே விட்டுவிடுகிறது. இவ்வளவையும் அம்மாமார் யோசித்துப் பேசுவதில்லை. பேச்சுத்தமிழில் ஏற்கெனவே இருக்கும் கருவிகள் இவை. கோபத்தில் நாம் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான்.

பிளம்பருக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியை அந்த முதற் சந்திப்பில் எழுப்ப வேண்டாம். அவர் வந்து ஈரத்தைப் பார்த்த பிறகு அது பெரும்பாலும் தானாகவே எழும். எழாவிட்டால் கட்டடத்தின் முகாமைத்துவக் குழு இருக்கிறது, ஆனால் அங்கே போவதற்கு முன்னர், போகப்போகிறேன் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் போன கடிதத்தை மனிதர்கள் மன்னிப்பதில்லை.

யாரை எப்படி அழைப்பது

கொழும்புத் தமிழ் ஒரு தமிழ் அன்று. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் மன்னாராரும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், தலைமுறைகளாக இந்நகரிலேயே வாழ்ந்து வருபவர்களும் ஒரே கடை வரிசையில் நின்று பேசும் ஊர் இது. ஒருவருக்கு மரியாதையாக இருப்பது மற்றவருக்கு வேறு விதமாக ஒலிக்கும். யாழ்ப்பாணப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள்ளன. ஒத்த வயதினரையும் இளையவரையும் கௌரவம் குறையாமல் நெருக்கமாக அழைக்க "நீர்" என்பது அருமையான சொல். ஆனால் நீ, நீங்கள் என்ற இரண்டு படிகளோடு வளர்ந்த மலையக நண்பர் ஒருவர், அலுவலகத்தில் நான் "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டபோதெல்லாம், தம்மை நான் ஏதோ விசாரணை செய்வதாக எண்ணியிருந்ததைப் பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னார். அறிமுகம் முற்றும்வரை "நீங்கள்" என்பதோடு நின்றுகொள்வது பாதுகாப்பானது. வயதில் இளையவருக்கும் அது பொருந்தும். யாரும் அதிக மரியாதை கிடைத்தது என்று கோபித்துக்கொண்டதில்லை.

உறவுச் சொற்கள் இன்னும் வழுக்கும். "தாத்தா" என்ற சொல் நமக்குப் பாட்டனார். சிங்களத்தில் அது தந்தை. இங்குள்ள முஸ்லிம் வீடுகளிலோ மூத்த சகோதரி. பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையன் "தாத்தா!" என்று உரக்கக் கூப்பிட, இருபது வயதுப் பெண்ணொருத்தி வந்து கதவைத் திறந்தபோது, கையில் வெற்றிலைத் தட்டோடு பெரியவருக்காகக் காத்திருந்த என் மாமியார் திகைத்துப்போனது இன்றும் எங்கள் வீட்டில் கதையாக இருக்கிறது. "ஐயா" என்று நாம் பணிவோடு அழைப்பது சிங்களவருக்கு "அண்ணா" என்று கேட்கும். அதில் பிழையொன்றும் நேராது, ஆனால் நாம் கொடுக்க எண்ணிய கனம் போய்ச் சேராது. கடையிலும் ஓட்டோவிலும் முஸ்லிம் பெரியவரை "நானா" என்றும், சிங்களவரை "ஐயே" அல்லது "மல்லி" என்றும் அழைத்தால் பேச்சின் பாதி இறுக்கம் அங்கேயே தளர்ந்துவிடும். சிங்களத்தில் பேசும்போது முன்னிலைச் சொல்லில் கவனம் வேண்டும். "ஒயா" என்பது பொதுவாகப் பயன்படும். "உம்ப", "தமுசே" ஆகியவற்றைப் பஸ்ஸில் கேட்டுப் பழகிக்கொண்டு ஒருபோதும் பயன்படுத்திவிட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் முன்னிலைச் சொல்லையே விட்டுவிட்டு "மாத்தயா", "மிஸ்" என்று முடித்துக்கொள்ளலாம். சிங்களவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெண்களை அழைப்பதில் ஒரு சிறு விதி: அக்காவா அன்ரியா என்ற ஐயம் எழுந்தால் அக்கா.

கேட்கக்கூடாத இடத்தில் நிறுத்திக்கொள்வது

"சொந்த இடம் எது?" என்பது நம்மவர் சந்தித்த இரண்டாவது நிமிடத்தில் கேட்கும் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் கள்ளமில்லாமல்தான் கேட்கிறார். ஆயினும் அந்தக் கேள்விக்கு அடியில் ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் யாருடைய ஆட்கள் என்று ஒவ்வொரு படியாக இறங்கும் ஒரு கிணறு இருக்கிறது என்பதைக் கேட்கப்படுபவர் அறிவார். தோட்டத்தின் பெயரைச் சொன்னவுடன் எதிராளியின் குரல் அரைச்சுருதி இறங்கியதைப் பலமுறை கேட்டவர்களும், ஊரின் பெயரைச் சொன்னவுடன் சாதியைக் கணக்கிடும் கண்களைப் பார்த்துச் சலித்தவர்களும் இந்நகரில் நிறையவே இருக்கிறார்கள். உண்மையாகவே அறிமுகமாகிக்கொள்ள விரும்பினால், முதலில் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்களும் கனகாலமா இஞ்சதானோ?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு "ஓம்" என்றும் பதில் சொல்லலாம், முழு வாழ்க்கையையும் சொல்லலாம். எவ்வளவு ஆழத்துக்கு இறங்குவது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இதைவிடக் கனமான ஓர் இடமும் உண்டு. 1983க்குப் பிறகு இந்நகரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அலைந்து இங்கு வந்து சேர்ந்தவர்கள், 2009க்குப் பின்னர் வன்னியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் நம் அலுவலகங்களிலும் மாடிகளிலும் இருக்கிறார்கள். "உங்களோட எத்தனை சகோதரம்?" என்ற சாதாரணக் கேள்விக்குச் சில வீடுகளில் இரண்டு விடைகள் உள்ளன. ஒரு மதிய இடைவேளையில் இந்தக் கேள்வியைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் கேட்டேன். அவர் சோற்றுப் பொதியின் வாழையிலையை ஓரத்தில் மடித்தபடி, "ஒரு அண்ணா இருந்தவர்" என்றார். "இருக்கிறார்" என்று வராமல் "இருந்தவர்" என்று வந்த அந்த ஒரு வினைமுற்றுத்தான் குறிப்பு. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். எப்போது, எங்கே, எப்படி என்று கேட்பதும், "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுவதும், உடனே பதறிப்போய் வானிலையைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம். நான் என் பொதியிலிருந்த மாங்காய்ச் சம்பலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மீதியை அவர் தாமாகவே சொன்னது அடுத்த வருடம்.

மறுபுறம், இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிகழ்காலத்திலேயே பேசுவார்கள். அவர்கள் "காணாமற்போனோர்" என்ற சொல்லையும் ஏற்பதில்லை. தானாகப் போகவில்லை என்பதால் "காணாமலாக்கப்பட்டோர்" என்கிறார்கள். அவர்களுடைய சொல்லையும் அவர்களுடைய காலத்தையும் நாமும் பின்பற்றுவதே முறை. பதினைந்து வருடம் ஆகிவிட்டதே, ஒரு கிரியையைச் செய்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்லப் புறப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். நல்லெண்ணம் இருந்தது, இங்கிதம் இல்லை.

கலியாணம், பிள்ளை, சம்பளம், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பும் தொகை ஆகியவை பற்றித் தனியே எழுதத் தேவையில்லை. எல்லாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறோம்.

மரணவீட்டுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பொரளையில் ஒரு மலர்ச்சாலைக்குப் போய் நிற்கும்போது நம் வாயிலிருந்து வரிசையாக வருவது: என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி, ஏன் அங்கே கொண்டுபோனீர்கள். மூன்றாவது கேள்வி கேள்வியே அல்ல, குற்றச்சாட்டு. மூன்று இரவு தூங்காத மகனுக்கு அது வாழ்நாள் முழுதும் தைத்துக்கொண்டிருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதில் குறை எதுவும் இல்லை. புறப்படும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் வரும் வழக்கத்தை எல்லாரும் அறிவோம். வேறெங்கும் "போகிறேன்" என்று சொல்லவே கூசுகிற அதே மொழி, இங்கே "வருகிறேன்" என்பதையும் தடுத்துவிடுகிறது. இலக்கணம் இதற்கெல்லாம் தகுதி வழக்கு என்று பெயரிட்டு, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. செத்தார் என்னாமல் இறைவனடி சேர்ந்தார் என்பது மங்கலம். சொல்லக் கூசும் செயலைக் கால் கழுவி வருதல் என்பது இடக்கரடக்கல். பாடசாலையில் இவற்றை உதாரணத்தோடு மனப்பாடம் செய்து புள்ளி வாங்கியவர்கள்தாம் நாம் அனைவரும்.

இல்லை என்று சொல்வது

இங்கிதமாக மறுப்பது என்றதும் பலர் "பார்ப்பம்" என்ற சொல்லைத்தான் நினைக்கிறார்கள். கைமாற்றாக ஐம்பதாயிரம் ரூபா கேட்டு வந்தவரிடம் "பார்ப்பம் அண்ணை" என்று சொன்னால், அதற்கு இல்லை என்றே பொருள் என்பது தெருவில் போகும் எவருக்கும் தெரியும், தேவையோடு வந்தவரைத் தவிர. அவருக்கு அது ஓம் என்று கேட்கிறது. வேறு இடத்தில் கேட்காமல் நான்கு நாள் காத்திருக்கிறார். ஐந்தாம் நாள் நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. தர முடியாததற்காக எவரும் உங்களை வெறுக்கப்போவதில்லை, அந்த நான்கு நாட்களுக்காக வெறுப்பார்கள்.

மறுப்பு விரைவாகவும் குறுகியதாகவும் இருக்க வேண்டும். "அண்ணை, இந்த மாதம் என்னால ஏலாது. நீங்கள் வேற ஆரையும் கேக்கிறதெண்டா சுணங்கக்கூடாது, அதுதான் இப்பவே சொல்லுறன்." இதில் மறுப்புக்கான காரணம் அவருடைய நன்மையோடு கட்டப்பட்டிருக்கிறது, அது உண்மையும்கூட. எதற்காகப் பணம் என்று கேட்க வேண்டாம். கொடுக்கப் போவதில்லை என்றால் அதை அறியும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்கள் வீட்டுக் கடனையும் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தையும் பட்டியலிட வேண்டாம்; பட்டியல் நீண்டால், அதிலுள்ள ஓட்டையை அவர் தேடத் தொடங்குவார். சிக்கனத்தைப் பற்றிய அறிவுரை அறவே வேண்டாம். ஒரு பகுதியைத் தர முடியுமானால், திரும்பி வராது என்று எண்ணிக்கொண்டு தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். முக்கியமாக, அவர் வந்து கேட்டதைப் பிறகு இரவுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் கேட்கச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு அவருடைய பிள்ளைகளோடு ஒரே வானில் போவார்கள்.

மறுப்பதில் நம் சமூகம் கண்டுபிடித்த மிக நேர்த்தியான ஏற்பாடு என்று நான் கருதுவது, கலியாணப் பேச்சில் வரும் "குறிப்புப் பொருந்தவில்லை" என்ற பதில். பெண்ணின் உயரம் பிடிக்கவில்லையோ, மாப்பிள்ளையின் வேலை பிடிக்கவில்லையோ, தரகர் சொன்ன கதையில் சந்தேகமோ, எதுவாயினும் பழி கிரகங்களின் தலையில் விழுகிறது. செவ்வாயும் சனியும் கோபித்துக்கொள்வதில்லை. இரு வீட்டாருக்கும் உண்மை ஓரளவு தெரியும். தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் அடுத்த மாதம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலில் நேருக்கு நேர் சந்தித்தால் சுகம் விசாரித்துக்கொள்ளலாம். இதைப் பொய் என்று இளையவர்கள் சொல்வார்கள். யாரும் ஏமாறாத பொய்யை நான் பொய் என்று கணக்கெடுப்பதில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெண்பார்த்து, பேசிப் பழகவிட்டு, மூன்று மாதம் கழித்துக் குறிப்பைக் காரணம் காட்டுவது இங்கிதம் ஆகாது. பிறகு உண்மையான காரணத்தை வேறெவரிடமும் சொல்லக்கூடாது. வெள்ளவத்தையில் சொல்லப்பட்டது மறுநாள் கொட்டாஞ்சேனையிலும், அதற்கு மறுநாள் ரொறன்ரோவிலும் இருக்கும்.

அலுவலகத்தில்

மேலதிகாரியின் பிழையைச் சுட்டிக்காட்டுவதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர், ஒரு கூட்டத்தில் அவர் 41 என்பதை 14 என்று வாசித்துவிட்டார். "சேர், அது பிழை" என்று உடனே சொன்னேன். எண் சரியாயிற்று. அடுத்த ஆறு மாதம் என்னுடைய ஒவ்வொரு விடுமுறைப் படிவத்திலும் ஏதாவது ஒரு பிழை இருந்தது. பிழையைச் சொன்னதைக் குறித்து இன்றும் எனக்கு வருத்தமில்லை. முடிவொன்று அந்த எண்ணில் தங்கியிருந்ததால் அப்போதே சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனால் "சேர், என்னட்ட இருக்கிற பிரதியில 41 எண்டு இருக்குது, உங்களிட்ட இருக்கிறது புதுப் பிரதியோ?" என்று கேட்டிருந்தால், தாளைப் பார்த்துவிட்டுத் தாமே திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு வாசல் கிடைத்திருக்கும். அவசரமில்லாத பிழையாக இருந்தால் கூட்டம் முடியும்வரை காத்திருக்கலாம். மின்னஞ்சலில் பிழை திருத்தும்போது, பிரதி யார் யாருக்குப் போகிறது என்பதை அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. ஐந்து பேருக்குப் பிரதி போட்டு எழுதிய பணிவான கடிதம் பணிவானதல்ல.

மொழி விடயம் நம் அலுவலகங்களில் நுட்பமானது. மதிய மேசையில் நான்கு பேர் இருக்க, அவர்களில் மூவர் தமிழர் என்றால் பேச்சு தமிழுக்கு வழுக்கிவிடுவது இயல்பே. நாலாமவர் சிங்களவராக இருந்து, நாம் சிரிக்கும்போது அவர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால், எதற்குச் சிரித்தோம் என்று ஒரு வரி அவர் மொழியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தம்மைப் பற்றித்தான் என்று எண்ணுவார். அவர்கள் சிங்களத்தில் சிரிக்கும்போது நாமும் அப்படித்தானே எண்ணினோம்.

உரிமையைக் கேட்பதற்கும் இங்கிதத்துக்கும் பகை இல்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் காயத்தோடு வளர்ந்தவர்கள் நாம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே அரச அலுவலகக் கருமபீடத்தில் சிங்களத்தில் மட்டும் படிவம் நீட்டப்பட்டால், தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை வேண்டுவது ஆகாது. ஆனால் "தமிழ் தெரியாதா?" என்று ஆரம்பித்தால், அந்தச் சட்டங்கள் எதையும் இயற்றாத, மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையோடு சண்டை பிடித்தவராவோம். "தெமள போம் எகக் தியெனவத, மிஸ்?" என்று தெரிந்த சிங்களத்தில் புன்னகையோடு கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் மேலதிகாரி யார் என்று அதே குரலில் கேளுங்கள். குரல் உயராமலே நிலையில் நின்றுகொள்ளலாம்.

வாசலுக்கு வரும் பாத்திரங்கள்

பெருநாளன்று முஸ்லிம் அயலவர் வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார். அது வெள்ளிக்கிழமையாகவும் நீங்கள் மரக்கறியாகவும் இருந்தால், முட்டை சேர்ந்தது என்ற தயக்கம் முகத்தில் எழும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பெருநாள் வாழ்த்தைச் சொல்லுங்கள். விரத விளக்கம் வாசலில் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை என்று ஒரு நாளும் இருக்கிறது. எப்போதுமே முட்டை சாப்பிடாத வீடு என்றால், வேறொரு சாதாரண நாளில், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தால் அடுத்த வருடம் வேறு பண்டம் வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதை அம்மா சொல்லித் தந்திருப்பார்.

இங்கிதம் பார்க்கக்கூடாத வேளை

மதிலுக்கு அப்பால் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம் கேட்கும்போது, "குடும்ப விசயம், நாங்கள் தலையிடக்கூடாது" என்பது இங்கிதம் என்ற பெயரில் நடக்கும் கோழைத்தனம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு நேரும் துன்பத்தை அறிவிக்க 1929, பொலிஸ் 119. உறவுக்காரரான மாமா ஒருவர் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று மனத்தில் பட்டால், அவர் முகம் கோணுமே என்று யோசிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து காஸ் மணம் வந்தாலும் அப்படியே. நள்ளிரவானாலும் கதவை உடைக்கிற மாதிரித் தட்டுங்கள், மணியை அழுத்தாதீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் "ஒண்டுமில்லை, வாய்வு" என்று சொன்னாலும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். இவர்கள் யாரும் பிறகு லிப்டில் முகம் பார்க்காமல் போனால் போகட்டும்.

வாய் தவறிவிட்டால்

எவ்வளவு பழகினாலும் தவறும். தவறியது தெரிந்தவுடன், அன்றைக்கே, நீட்டாமல் மன்னிப்புக் கேட்க வேண்டும். "நீங்கள் அப்பிடி நினைச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பது மன்னிப்பு அன்று. பிழை நினைத்தவருடையது என்று அது சொல்கிறது. "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது" என்பதோடு நிறுத்திவிடலாம். ஏன் சொன்னேன், அன்று என்ன தலையிடி என்ற விளக்கமெல்லாம் அவர் கேட்டால் மட்டும்.

இதில் நான் தாமதமாகக் கற்ற ஒன்று உண்டு. எத்தனை பேர் முன்னிலையில் அவமானம் நடந்ததோ, அத்தனை பேர் முன்னிலையிலும் மன்னிப்பு இருக்க வேண்டும். மேல்வீட்டு அம்மாவிடம் நான் தனியே இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார், பேசவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் நாற்பது வீட்டார், மன்னிப்பைக் கேட்டவர் அவர் ஒருவர்தானே. ஒன்றரை வருடம் கழிந்த பின்னர் ஒரு ஞாயிறு இரவு, அதே வட்ஸ்அப் குழுவில் மூன்று வரி எழுதினேன்: குளியலறைக் கசிவை நான் முதலில் மேல்வீட்டாரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் இங்கே படம் போட்டது என் பிழை, அவர்கள் அறிந்தவுடனேயே அதைத் திருத்தித் தந்தார்கள். சிலர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் ஏழே காலுக்கு லிப்டுக் கதவு திறந்தது. இலக்கங்களைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "இப்ப சீலிங் காஞ்சிட்டுதோ?" என்று கேட்டார். அது காய்ந்து ஒன்றரை வருடமாகிறது என்று நான் சொல்லவில்லை.

"ஓம் அன்ரி, காஞ்சிட்டுது" என்றேன்.